ஊர் எரித்தவரை ஏன் ‘மகா’ என்று எழுதுகிறோம்? அலெக்சாண்டர் பற்றி ஒரு பிள்ளையின் கேள்வி

பின்னேர வகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் பின்னேரங்களில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். வாசிகசாலை விறாந்தையில் பாய் விரித்து நடக்கிற வகுப்பு, பதினேழு பிள்ளைகள். போன கிழமை அலெக்சாண்டரைப் பற்றிக் கதைத்தேன். கி.மு. 356 இல் மசிடோனியாவின் பெல்லாவில் பிறந்தது, 13 வயதில் அரிஸ்டாட்டிலிடம் படிக்கத் தொடங்கியது, தகப்பன் பிலிப்பு மகளின் கலியாண விழாவில் கொலையுண்டதும் 20 வயதில் அரசரானது, 334 இல் ஆசியாவுக்குள் கால் வைத்து பத்து வருஷத்துக்குள் எகிப்திலிருந்து பஞ்சாப் வரை பிடித்தது, 323 ஜூனில் பாபிலோனில் 33 வயது நிறையாமலே இறந்தது என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போனேன். பிள்ளைகளும் வடிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தீப்ஸ் நகரத்தின் கதை வந்தது. 335 இல், ஆசியாவுக்குப் போகிறதுக்கு முதலே, தனக்கு எதிராக எழும்பிய அந்தக் கிரேக்க நகரத்தை அவர் தரைமட்டமாக்கினார். 6,000 பேர் வெட்டப்பட்டார்கள், 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்று பழைய ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். கோயில்களையும் பிண்டார் என்ற கவிஞருடைய வீட்டையும் மட்டும் தொடவேண்டாம் என்று கட்டளை. அந்தக் கவிஞர் இறந்து அப்போதே நூறு வருஷம்.

முன்வரிசையில் இருக்கிற பிள்ளை ஒன்று, எப்போதும் தலை நிமிராமல் கொப்பியில் எழுதிக்கொண்டே இருப்பாள், அவள் பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்: “ரீச்சர், செத்த ஆளின்ர வீட்டை விட்டிட்டு உயிரோட இருந்த சனத்தை வித்தவரா? அவரை ஏன் மகா அலெக்சாண்டர் எண்டு எழுதிறம்?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொன்னேன், நாளை போய் ஒரு கிழமை ஆகிவிட்டது. அவர் ஒரு கொலைகாரர், விட்டுவிடு என்று சொல்லவும் மனம் வரவில்லை, ஏனென்றால் அவர் போன வழியில் எத்தனையோ நல்லதும் விளைந்திருக்கிறது. பெரிய வீரர், எழுது என்று சொல்லவும் முடியாது, அந்த விறாந்தையில் இருக்கிற பிள்ளைகளின் வீடுகளில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்? பரீட்சைக்கான பதில் வேண்டாம்.

முத்தையன்கட்டு வயல்காரன் எழுதியது:

ரீச்சர், நான் படித்தது ஓ.எல் வரைதான், ஆனால் யானைச் சண்டை என்ற ஒன்றுக்காகவே அலெக்சாண்டரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தவன். எங்களுக்கு காலபோகம் முழுக்க பரணில்தான் இரவு, அதனால் அந்தச் சண்டையை நான் வாசித்த விதமும் கொஞ்சம் வேறு.

326 இல் ஜீலம் நதிக்கரை. அக்கரையில் போரஸ் அரசர், முன்னால் 200 யானைகள் என்று ஆரியன் என்ற பழைய கிரேக்க ஆசிரியர் எழுதுகிறார், வேறு ஆட்கள் குறைத்தும் சொல்லுகிறார்கள். ஆறு மழைத் தண்ணீரில் பெருகி ஓடுகிறது. குதிரைகள் யானையைக் கண்டால் தண்ணீரிலேயே மிரண்டு திரும்பிவிடும், நேராகக் கடக்க முடியாது. அலெக்சாண்டர் என்ன செய்தார் தெரியுமா, ஒவ்வொரு இரவும் கரை நெடுக குதிரைப்படையை ஓடவிட்டு கூச்சல் போட வைத்தார். போரஸும் ஒவ்வொரு இரவும் யானைகளைக் கிளப்பிக்கொண்டு சத்தம் வந்த பக்கமெல்லாம் அலைந்தார். கொஞ்ச நாளில் அவருக்குச் சலித்துவிட்டது, சத்தம் கேட்டாலும் எழும்பவில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு புயல் இரவில் 27 கிலோமீற்றர் போல மேலே போய் ஆற்றைக் கடந்தார். இதை வாசித்தபோது எனக்குப் பரணில் இருக்கிற மாதிரியே இருந்தது. முதல் நாள் வேலிப் பக்கம் தடி முறிகிற சத்தம் கேட்டால் வெடியும் பந்தமுமாக ஓடுவோம், பத்தாம் நாள் அதே சத்தத்துக்குக் கண் திறக்காது, யானை வயலுக்குள் நிற்பது அன்றைக்குத்தான்.

சண்டையில் மசிடோனியர் யானையோடு நேருக்கு நேர் நிற்கவில்லை. தள்ளி நின்று பாகன்மாரைக் குறிவைத்து எறிந்தார்கள், யானையின் காலையும் துதிக்கையையும் வெட்டினார்கள். பாகன் இல்லாத, காயப்பட்ட யானைக்கு சொந்தப் படை எது எதிரிப் படை எது என்று என்ன தெரியும், நெருக்கத்துக்குள் அகப்பட்டு போரஸின் ஆட்களையே மிதித்தது. கடைசியில் களைத்துப்போய், கப்பல் பின்னுக்கு வலிப்பது போல முகத்தைத் திருப்பாமல் பிளிறிக்கொண்டே பின்வாங்கின என்று எழுதியிருக்கிறது. இந்த வரியை எழுதிய ஆளுக்கு யானையைப் பார்த்த யாரோ ஒருவர்தான் சொல்லியிருக்க வேண்டும். காயப்பட்ட யானை அப்படித்தான் போகும், முதுகைக் காட்டாது. நாலு வருஷத்துக்கு முதல் எங்கள் குளத்து அலைகரையில் ஒன்று நின்றது, முன்காலில் வெடிபட்ட காயம், சீழ் வடிந்து, சேற்றை அள்ளி அள்ளி அந்த இடத்தில் அப்பிக்கொண்டு மூன்று நாள் நின்றது, எங்கள் ஆட்கள் ஒருவரும் அந்த மூன்று நாளும் வெடி கொளுத்தவில்லை. போரஸின் யானை மண்டியிட்டு அவரை இறக்கிவிட்டு அவரது உடம்பில் தைத்த ஈட்டிகளைத் துதிக்கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியது என்று புளூட்டார்க் சொல்லும் கதையை நான் அப்படியே நம்புகிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். போர் நடத்துகிற புத்தியில் அவருக்கு நிகர் இல்லை, அதை மறைக்கத் தேவையில்லை. தோற்ற போரஸிடம் உன்னை எப்படி நடத்தவேண்டும் என்று கேட்டு, அரசனைப் போல என்று பதில் வந்ததும் நாட்டைத் திருப்பிக் கொடுத்து மேலதிகமாகவும் கொடுத்தார், அதையும் சொல்லுங்கள். ஆனால் அவரை நிறுத்தியது யார் என்றும் சொல்லுங்கள். பியாஸ் ஆற்றங்கரையில் அவரது சொந்தப் படையே இனி ஒரு அடி வைக்கமாட்டோம் என்று நின்றுவிட்டது. எட்டு வருஷம் நடந்த கால்கள், விடாத மழை, அங்கால் நந்த அரசர்களிடம் ஆயிரக்கணக்கில் யானை என்ற செய்தி வேறு. மூன்று நாள் கூடாரத்துக்குள் கோபித்துக்கொண்டு இருந்தும் அவர்கள் அசையவில்லை, பிறகுதான் பன்னிரண்டு பலிபீடம் கட்டிவிட்டுத் திரும்பினார். அந்தப் படைவீரரை எனக்குப் பிடிக்கும்.

மல்லாவி எழுதியது:

பட்டம் பற்றி நேராகச் சொன்னால், அவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒருவரும் அவரை மகா அலெக்சாண்டர் என்று கூப்பிட்டதாக எழுத்தில் இல்லை. இன்றைக்குக் கிடைப்பதில் முதன்முதலாக அந்தப் பட்டம் வருவது பிளாட்டஸ் என்ற உரோம ஆசிரியரின் நகைச்சுவை நாடகத்தில், அவர் இறந்து நூறு வருஷத்துக்கும் மேலே. உரோமத் தளபதிகளுக்கு அவர்தான் கனவு, பொம்பேயி என்ற தளபதி அதே பட்டத்தைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பாரசீகத்தில் சரதுஸ்திரர் வழி வந்தவர்களின் பழைய நூல்களில் அவருக்குப் பெயர் ‘சபிக்கப்பட்டவன்’. பேர்செபோலிஸ் அரண்மனையை 330 இல் எரித்தது அவர்களுக்கு மறக்கவில்லை. இரண்டு பெயரையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிடுங்கள், யார் யார் வைத்த பெயர் என்று பிள்ளை தானே கேட்பாள்.

இளைப்பாறிய வாத்தியார் எழுதியது:

பிள்ளை, கேள்வி கேட்ட மாணவிக்கு என் வாழ்த்தைச் சொல்லு. முப்பத்தொரு வருஷம் இந்தப் பாடத்தைப் படிப்பித்தேன், ஒருவரும் அந்தக் கவிஞர் வீட்டைப் பிடித்துக் கேட்டதில்லை.

நான் ஒன்றைத்தான் சொல்ல விரும்புகிறேன். அலெக்சாண்டர் செய்ததையும், அலெக்சாண்டருக்குப் பிறகு நடந்ததையும் இரண்டாகப் பிரித்துப் படிப்பிக்க வேண்டும். ‘அவர் கிழக்கையும் மேற்கையும் இணைத்தார்’ என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம், அந்த வரிதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். அவர் இறக்கும்போது ஒழுங்கான நிர்வாகம் இல்லை, வளர்ந்த வாரிசு இல்லை. தளபதிகள் நாற்பது வருஷம் அடிபட்டார்கள். தாய் ஒலிம்பியாஸ், மனைவி ரொக்சானா, அவர் இறந்த பிறகு பிறந்த மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். அவர் கையால் கட்டி நிலைத்தது மிகக் குறைவு. நிலைத்தவை எல்லாம் பின்னால் வந்த தொலமி, செலூக்கஸ் போன்றவர்களும், அவர்களைவிட முக்கியமாக, பெயர் தெரியாத வியாபாரிகளும் கல் கொத்துபவர்களும் பிக்குகளும் வாத்திமாரும் கட்டியது.

உதாரணத்துக்கு ஆப்கானிஸ்தானில் ஆய் கானூம் என்று ஒரு இடம், ஒக்சஸ் ஆற்றங்கரை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1960களில் தோண்டத் தொடங்கினார்கள். கிரேக்க அரங்கு, உடற்பயிற்சிக்கூடம், கூடவே கிழக்கத்திய பாணியில் கட்டிய கோயில். அங்கே ஒரு கல்லில், கிளியார்க்கஸ் என்பவர் டெல்பிக் கோயிலிலிருந்து கவனமாகப் பார்த்தெழுதிக் கொண்டுவந்த அறவுரைகள்: சிறுவயதில் ஒழுங்கு, இளமையில் அடக்கம், நடுவயதில் நீதி, முதுமையில் நல்ல ஆலோசனை, சாகும்போது துயரமின்மை. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி வாழ்ந்த பிள்ளைகளுக்காக ஒரு ஆள் அதைச் சுமந்துபோயிருக்கிறார். இன்னொன்று கந்தகாரில் 1958 இல் கண்டெடுத்த அசோகரின் கல்வெட்டு, கிரேக்கத்திலும் அரமேயத்திலும் எழுதியது. அரசர் உயிர்க்கொலையை விட்டார், அவரது வேடரும் மீனவரும் விட்டார்கள் என்று சொல்கிறது. அலெக்சாண்டரின் படை போன மண்ணில், அவர் இறந்து எழுபது வருஷத்துக்குள், அவரது மொழியிலேயே கொல்லாதே என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

பிறகு காந்தாரத்துப் புத்தர் சிலைகளின் மடிப்பு மடிப்பான ஆடை, அலெக்சாந்திரியாவின் நூலகம், அங்கே இருந்துகொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரத்தொஸ்தனிஸ், எபிரேய வேதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பு, புதிய ஏற்பாடு எழுதப்பட்ட பொதுக் கிரேக்கம், இதெல்லாம் உனக்குத் தெரிந்தது, விரிக்கவில்லை.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். வவுனியாவில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் அநுராதபுரம். அங்கே துட்டகைமுனு மகாதூபிக்கு அடிக்கல் வைத்தபோது, ‘யோனரின் நகரமான அலசந்தாவிலிருந்து’ யோன மகாதர்மரக்கித தேரர் 30,000 பிக்குகளோடு வந்தார் என்று மகாவம்சம் சொல்கிறது. எண்ணிக்கையை விடு. அலசந்தா என்பது அலெக்சாந்திரியாதான், காபூல் பக்கம் அலெக்சாண்டர் நிறுவிய நகரம் என்பது பலரின் கருத்து. கிரேக்க இனத்தவர் ஒருவர் துறவியாகி, வென்றவனின் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து எங்கள் அயலுக்கு வந்து ஒரு தூபியின் கல்லுக்கு முன்னால் கும்பிட்டு நின்றிருக்கிறார்.

அதைவிடக் கிட்டவும் இருக்கிறது. உங்கள் ஊரில் கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கும்போது கேந்திரத்தில் குரு நிற்கிறது, இது சுக்கிர ஓரை என்று சாத்திரியார் சொல்வாரே, கேந்திரமும் ஓரையும் கிரேக்கச் சொற்கள். ‘கெந்த்ரொன்’, ‘ஹோரா’. அலெக்சாந்திரியாவில் வளர்ந்த சோதிடம் யவனரின் கப்பலில் வந்து சமஸ்கிருதத்துக்குள் புகுந்து எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. அவரது படை கொண்டுவந்து சேர்த்த பொருள் அல்ல இது, ஆட்கள் ஆட்களோடு இருந்து கொடுத்து வாங்கியது.

கடைசியாக ஒன்று. உன் வகுப்பிலிருந்து கற்சிலைமடு எவ்வளவு தூரம்? 1803 ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னி அரசன் பண்டாரவன்னியனை இங்கே தோற்கடித்தார் என்று ஆங்கிலேயர் நட்ட கல் இருந்த இடம். வென்றவன் தன் பெருமைக்கு நட்ட கல். ஆனால் அந்தக் கல்லால் இன்றைக்கு எங்களுக்கு யாருடைய பெயர் ஞாபகம் வருகிறது? போரஸின் கதையும் அதுதான். அந்தக் காலத்து இந்திய நூல் ஒன்றிலும் போரஸ் இல்லை, அலெக்சாண்டரும் இல்லை. எதிரி எழுதியதால் மட்டும் அவர் எங்களுக்குக் கிடைத்திருக்கிறார். பிள்ளைகளை ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போ.

பின்னேர வகுப்பு எழுதியது:

சேர், கேந்திரத்தையும் ஓரையையும் வாசித்துவிட்டு எழும்பிப் போய் என்னுடைய சாதகக் கொப்பியையே எடுத்துப் பார்த்தேன். கற்சிலைமடு எங்களுக்கு சைக்கிள் தூரம்தான், ஆனால் இவ்வளவு காலமும் அந்தக் கல்லையும் போரஸையும் சேர்த்து யோசித்ததில்லை. வயல்காரன் அண்ணா, அந்தப் பத்தாம் நாள் கதையை நான் வகுப்பில் சொல்லப்போகிறேன். இன்னும் ஒன்று கேட்கிறேன். இந்தப் படை போன வழியில் இருந்த சாதாரண சனம், பெண்கள், பிள்ளைகள், அவர்களைப் பற்றி அந்தப் பழைய ஆசிரியர்கள் எங்காவது எழுதியிருக்கிறார்களா? அவள் கட்டாயம் அதைக் கேட்பாள்.

கடற்கரைக்காரி எழுதியது:

அக்கா, எழுதியிருக்கிறார்கள். தேடினால் ஒவ்வொரு வரியாகக் கிடைக்கும்.

முல்லைத்தீவில் எங்கள் கோயிலில் பைபிள் வாசிக்கும்போது தீரு, சீதோன் என்று இரண்டு பட்டினம் அடிக்கடி வரும். தீரு ஒரு தீவு நகரம், கரையிலிருந்து முக்கால் கிலோமீற்றர் அளவு. 332 இல் அலெக்சாண்டர் அதை ஏழு மாதம் முற்றுகையிட்டார். கப்பல் போதாது என்று கரையில் இருந்த பழைய ஊரை இடித்து அந்தக் கல்லையும் மண்ணையும் லெபனான் மரத்தையும் கடலுக்குள் கொட்டி ஒரு பாதை போட்டார். அந்தப் பாதையைச் சுற்றி மணல் சேர்ந்து சேர்ந்து தீரு இன்றைக்கும் தீவு இல்லை, தரையோடு ஒட்டிய ஊர். 2,300 வருஷமாகியும் ஒருத்தரால் அதைத் திருப்பித் தீவாக்க முடியவில்லை. நகரம் விழுந்தபோது 8,000 பேர் செத்தார்கள், 2,000 ஆண்களைக் கரை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள், 30,000 பேரை விற்றார்கள்.

இதில் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிற பகுதி ஒன்று இருக்கிறது. சீதோன்காரர் அலெக்சாண்டரின் பக்கம் நின்றவர்கள், அவரது கப்பற்படையில் வந்தவர்கள். ஆனால் தீருவும் சீதோனும் ஒரே மொழி, ஒரே இனம். நகரத்துக்குள் நுழைந்த சீதோன்காரர் 15,000 பேரைத் தங்கள் கப்பல்களில் ஒளித்து ஏற்றிக் காப்பாற்றினார்கள் என்று கூர்த்தியஸ் எழுதியிருக்கிறார். தங்கள் அரசருக்குத் தெரியாமல், வென்ற படைக்குள்ளே இருந்துகொண்டே. அந்த மாணவிக்கு இதைச் சொல்லுங்கள் அக்கா. எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு பிள்ளையைத் தூக்கிப் பாயின் கீழ் ஒளிக்க ஒருவருக்கு மனம் வந்தது என்பதை அவள் அறியவேண்டும்.

இன்னொன்று, 325 இல் இந்தியாவிலிருந்து திரும்பும்போது மக்ரான் பாலைவனத்துக்குள்ளால் படையை நடத்தினார். கூடவே வீரரின் பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள். ஒருநாள் சிறிய ஆறு ஒன்றின் பக்கத்தில் கூடாரம் போட்டார்கள், இரவில் எங்கோ மலையில் பெய்த மழை வெள்ளமாக இறங்கி, பின்னால் வந்த பெண்களிலும் பிள்ளைகளிலும் பெரும்பாலானோரை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆரியன் அதை ஒரே வசனத்தில் எழுதிவிட்டு, அரசரின் பொருட்களும் போயின என்று அடுத்ததுக்குப் போகிறார். அதே பாலைவனத்தில்தான் அந்தப் பேர்பெற்ற கதை, தாகத்தில் இருந்த அரசருக்குத் தலைச்சீராவில் கொஞ்சத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, எல்லோருக்கும் இல்லாதது எனக்கும் வேண்டாம் என்று மணலில் ஊற்றினாராம், படை முழுக்கவே குடித்தது போலத் தெம்பு வந்ததாம். எல்லோரும் புகழுகிற இடம். 2009 இல் எனக்கு 14 வயது, வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தோம், அம்மாவிடம் ஒரு சோடாப் போத்தலில் கால்வாசித் தண்ணீர் இருந்தது, மூடியால் அளந்து அளந்து ஐந்து பேருக்குத் தந்தா, பக்கத்தில் வந்த முன்பின் தெரியாத ஐயாவுக்கும் ஒரு மூடி. அந்தத் தலைச்சீராத் தண்ணீர் எத்தனை மூடி வரும் என்று நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். படைக்குப் பின்னால் நடந்த பிள்ளை ஒன்றுக்கு அதைக் கொடுத்திருக்கலாம்.

அவரிடம் நல்ல குணமும் இருந்தது, பாரசீக அரசர் டேரியஸின் பிடிபட்ட தாயையும் மனைவியையும் மகள்மாரையும் மரியாதையாக வைத்திருந்தார், அலெக்சாண்டர் இறந்த செய்தி கேட்டு டேரியஸின் தாய் சிசிகாம்பிஸ் சாப்பிடாமல் கிடந்து உயிர்விட்டார் என்றுகூட எழுதியிருக்கிறது. அதையும் மறைக்கவேண்டாம். ஆனால் அவ அரசி.

பேசாலைக் கடல் எழுதியது:

மன்னாரில் இருந்து எழுதுகிறேன், வன்னிக்காரர் கோவிக்கக்கூடாது. அலெக்சாண்டர் இலங்கைக்கு வரவில்லை, ஆனால் அவரது கப்பலோட்டி ஒனெசிக்ரிட்டஸ் எங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சிந்து நதிப் பக்கம் யாரிடமோ கேட்டு எழுதியது. தப்ரபேன் என்ற தீவு, 5,000 ஸ்டேடியா (கிரேக்கரின் தூர அளவு) அளவு, பெருநிலத்திலிருந்து இருபது நாள் ஓட்டம், கப்பல்களின் பாய் சரியில்லாததால் பயணம் கடினம் என்று. அவரது நூல் அழிந்துவிட்டது, ஸ்ட்ராபோ எடுத்தெழுதியதால் தப்பியது. அந்தத் தீவைச் சுற்றிய கடலில் தரையிலும் நீரிலும் வாழும் விலங்குகள் உண்டு, சில மாட்டைப் போல, சில குதிரையைப் போல என்றும் சொல்லியிருக்கிறார்.

மாட்டைப் போல என்றது கடற்பசு இல்லாமல் வேறு என்ன? எங்கள் அப்பா வலையில் ஒன்று தவறி அகப்பட்டு நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறம், மீசை முள்ளு முள்ளாகத் தடித்த உதடு, மூச்சு விடுகிற சத்தம் தொழுவத்து மாடு மாதிரியே இருக்கும், வாயில் கடற்புல்லு. அப்பா வலையை அறுத்துத்தான் விட்டவர், நல்ல வலை, அம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை. அலெக்சாண்டரின் ஆள் ஒருவரின் காதுவரைக்கும் எங்கள் கடற்பசுவின் செய்தி போயிருக்கிறது என்றால், அதைக் கொண்டுபோனது எங்கள் மாந்தைத் துறை போல ஒரு துறையில் வலை காயவைத்த ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

வயல்காரன் அண்ணாவுக்கும் ஒன்று இருக்கிறது: இந்தத் தீவின் யானை இந்திய யானையைவிடப் பெரியது, போருக்கு மூர்க்கமானது என்றும் அதே ஒனெசிக்ரிட்டஸ் சொன்னதாக பிளினி எழுதுகிறார்.

தண்ணீரூற்று எழுதியது:

சலாம், வணக்கம். எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். குர்ஆனில் கஹ்ஃப் அத்தியாயத்தில் துல்கர்னைன் வருகிறார், ‘இரண்டு கொம்புடையவர்’. சூரியன் மறையும் இடம்வரையும் உதிக்கும் இடம்வரையும் போய், யஃஜூஜ் மஃஜூஜ் கூட்டத்திடமிருந்து ஒரு சனத்தைக் காக்க இரும்பும் செம்பும் உருக்கி மதில் கட்டியவர். பழைய விரிவுரையாளர் பலர் அவரை இஸ்கந்தர், அதாவது அலெக்சாண்டர், என்றார்கள், சிலை வணங்கிய ஒருவர் அவராக இருக்கமுடியாது என்று மறுத்தவர்களும் நிறைய. எங்கள் ஹஸ்ரத் மறுக்கிற கட்சி. அலெக்சாண்டர் இறந்த பிறகு வெளியிட்ட நாணயங்களில் ஆட்டுக்கடாக் கொம்போடு அவர் முகம் இருக்கிறது, எகிப்தில் அமோன் கோயிலுக்குப் போய்த் தெய்வமகன் என்று சொல்லிக்கொண்ட கதையோடு வந்த கொம்பு அது.

எனக்கு இதில் பிடித்தது வேறு. கதைகளில் இஸ்கந்தர் சாகாவரம் தரும் தண்ணீரைத் தேடி இருட்டுக்குள் போகிறார், அவருக்குக் கிடைக்கவில்லை, கூடப் போன ஹிள்ரு நபிக்குக் கிடைக்கிறது. கதிர்காமம் பள்ளிவாசலுக்குப் போனால் ஹிள்ரு நபியின் பெயரைச் சொல்வார்கள். 1344 இல் இங்கே வந்த இப்னு பதூதா, பாவாத மலை (சிவனொளிபாதமலை) ஏறும் வழியில் இஸ்கந்தரின் பெயரில் ஒரு இடத்தையும் குகையையும் தண்ணீர்க் கிணற்றையும் கண்டதாக எழுதுகிறார், அதே பயணத்தில்தான் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியையும் சந்தித்தார். பாரசீகத்திலோ சபித்த அதே சனம் பின்னாளில் அவரைத் தங்கள் அரச குடும்பத்துப் பிள்ளையாகவே கதையில் மாற்றிவிட்டார்கள். மலாய் அரசர்கள் தாங்கள் இஸ்கந்தர் வம்சம் என்றார்கள். ரீச்சர், அந்தப் பிள்ளைக்கு நான் சொல்வது இதுதான், சனம் அவரை அப்படியே வைத்திருக்கவில்லை, எல்லா ஊரும் அவரை எடுத்துத் தங்களுக்கு வேண்டிய ஆளாகத் திருத்தி எழுதிக்கொண்டது.

பின்னேர வகுப்பு எழுதியது:

இன்றைக்கு வகுப்பு முடிந்து இப்போதுதான் வந்தேன். மல்லாவி சொன்னபடி இரண்டு பெயரையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். சீதோன்காரரின் கப்பலைப் பற்றிச் சொன்னபோது விறாந்தையில் ஒரு சத்தமும் இல்லை. கடற்கரைக்காரித் தங்கச்சி, உங்கள் அம்மாவின் மூடிக் கணக்கை உங்கள் பெயர் சொல்லாமல் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவள் கொப்பியில் ‘மகா’வை வெட்டவில்லை. அதற்கு மேலே சின்னதாக ‘உரோமர்’ என்று எழுதி, பக்கத்தில் பாரசீகப் பெயரையும் எழுதி, கீழே ‘30,000 பேருக்கும் பெயர் இருந்தது’ என்று எழுதியிருந்தாள். பரீட்சையில் அப்படி எழுதலாமோ என்று கேட்டாள். சேர், நீங்கள்தான் சொல்லவேணும்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் பதினேழு பேரையும் கற்சிலைமடுவுக்கு சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகிறேன். வயல்காரன் அண்ணா, அந்தப் பக்கம் இப்போது யானை நடமாட்டம் எப்படி?

இளைப்பாறிய வாத்தியார் எழுதியது:

பரீட்சையில் கேள்வியில் உள்ள பெயரை அப்படியே எழுதட்டும், புள்ளியை இழக்கத் தேவையில்லை. விளக்கம் கேட்கிற வினா வந்தால் உரோமர், பாரசீகர் இரண்டையும் எழுதட்டும், திருத்துகிற எவரும் அதற்கு வெட்டமாட்டார். அந்தக் கடைசி வரியை மட்டும் கொப்பியிலேயே வைத்திருக்கச் சொல்லு.

முத்தையன்கட்டு வயல்காரன் எழுதியது:

இரண்டு கிழமையாக ஒரு தனியன் சுற்றுகிறது ரீச்சர். மூன்று மணிக்கு வெளிக்கிட்டு ஐந்துக்கு முதல் பிள்ளைகளைத் திருப்பிவிடுங்கள். நானும் தம்பியும் மோட்டார் சைக்கிளில் முன்னுக்கும் பின்னுக்கும் வருகிறோம்.